பிலோமிக்கு யாரும் டை அடிக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குப் புருவம் திருத்திக்கொள்ளும்போது கிடைத்தது. ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை. கதை எங்கே கிடைத்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் மழை, ரயில், கடற்கரை என்று எதையாவது சொல்லிவைப்பார்கள். எனக்குத் திண்டிவனத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், அருள்ராணியின் பியூட்டி பார்லர் நாற்காலியில், கண் இமையை நானே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி சாய்ந்திருந்தபோது கிடைத்தது.

புருவம் திருத்துகிறவர்கள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அதனால் அருள்ராணியால் தொடர்ந்து பேச முடியாது. நூலை வாயிலிருந்து எடுப்பாள், இரண்டு வார்த்தை திட்டுவாள், மறுபடி கடித்துக்கொள்வாள். கோபம் ஏற ஏற நூலின் வேகமும் ஏறியது. என்னால் "ம்" கூடக் கொட்ட முடியவில்லை. அன்றைக்கு என் இடது புருவம் வலதைவிட மெலிந்துபோயிற்று. கேட்கிறவர்களிடம் இப்போது இதுதான் ஃபேஷன் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் திட்டியது விழுப்புரத்தில் இருக்கிற ஒரு மனிதரை. திட்டியது ஒரு பூனைக்காக. அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் கோபம், இன்னும் இறங்கவில்லை. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது நடுநிலையான கதை இல்லை. நடுநிலை வேண்டுமென்பவர்கள் தராசு விற்கிற கடைக்குப் போகலாம்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. தூக்கிப் போட்டவற்றை இங்கேயே வைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

"சயாமியப் பூனை என்பது தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்டது. நீலக் கண்களும் குட்டையான முடியும் கருத்த முகமும் உடைய இவ்வினம்—"

[நிறுத்திவிட்டேன். இது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு. கீழே ஐந்து மதிப்பெண் என்று போடவேண்டியதுதான் பாக்கி.]

"விழுப்புரத்துக் கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்திருந்த செல்வகுமார் ஒரு பொய்யர்."

[இதை எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. சொன்னதை நம்பித்தான் சொன்னார். பொய்யராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.]

"பிலோமி பிறந்தபோது பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. திட்டுவதற்கு நிறைய இடம் பின்னால் வருகிறது.

3

பிலோமி பிறந்தபோது பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. அருள்ராணியின் தங்கை மெர்லின் பொம்மையார்பாளையத்தில் ஒரு கடற்கரை விடுதியில் வேலை பார்க்கிறாள். அங்கே நெடுநாள் தங்கியிருந்த வெளிநாட்டம்மா ஒருத்தி, சயாமியப் பூனை இரண்டை ஆணும் பெண்ணுமாக வளர்த்தாள். அவை குட்டி போட்டதும் மெர்லின் போனில் படம் அனுப்பினாள். வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடந்த ஒரு குட்டியைப் பார்த்து அருள்ராணி மயங்கிவிட்டாள். அதற்குப் பிலோமி என்று அப்போதே பெயரும் வைத்துவிட்டாள்.

தாய்ப்பால் மறந்த பிறகு மெர்லின் குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து விட்டாள். கூடையைத் திறந்தால் மூக்கில் கரி. காது நுனியில் கரி. நான்கு பாதத்திலும் கரி. விடுதி அடுப்பில் விளையாடவிட்டிருக்கிறாள் பாவி என்று தங்கையைத் திட்டிக்கொண்டே அருள்ராணி பஞ்சில் கிளென்சிங் மில்க் தொட்டு அதன் மூக்கைத் துடைத்தாள். போகவில்லை. வெந்நீர் வைத்துக் குழந்தை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். அதுவும் உதவவில்லை, மறுவாரம் கரி இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. பிலோமி ஒவ்வொரு முறையும் கத்தித் தீர்த்தது. சயாமியப் பூனை கத்துவது கைக்குழந்தை கத்துவது போலவே இருக்கும். கீழே மருந்துக்கடைக்காரர் மாடியேறி வந்து யார் வீட்டுக் குழந்தை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கால்நடை மருத்துவர் கலைப்பிரியாதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். இந்தப் பூனையின் நிறம் சூட்டைப் பொறுத்தது. உடம்பில் சூடான இடம் வெளுத்திருக்கும், சூடு குறைந்த இடம் கருக்கும். தாய் வயிற்றுக்குள் எல்லா இடமும் சூடு, அதனால் வெள்ளையாகப் பிறக்கும். வெளியே வந்ததும் மூக்கு, காது, பாதம், வால் என்று குளிர்ந்த இடங்கள் கருத்துக்கொண்டே வரும். இது கரி இல்லை, இதுதான் அதன் அழகு என்றார்.

அருள்ராணிக்கு அன்றைக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. நாள் முழுக்க அவள் வேலையே அதுதான். முகத்தைக் கொஞ்சம் வெளுக்க வையுங்கள் என்று வருகிற பெண்களுக்கு பிளீச் போட்டுப் போட்டு, ஒரு பூனைக்குட்டியையும் விட்டுவைக்கவில்லையே என்று தோன்றியது. அதற்குப் பிறகு பார்லருக்கு வருகிறவர்கள் யாராவது பிலோமியைக் காட்டி, ஒடம்பெல்லாம் நல்ல கலரு, மூஞ்சிதான் இப்படி என்று சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர்களுக்கு த்ரெட்டிங் சற்று வலித்தது என்று கேள்வி.*

* அருள்ராணியின் வீட்டுக்காரர் ஆண்டோவை இன்னும் சொல்லவில்லை. அவருக்கு இந்தக் கதையில் பைக் ஓட்டுவதைத் தவிர வேலையில்லை. நல்ல மனிதர்.

4

கார்த்திகை மாதம் பிலோமிக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. அதற்காக இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்தார்கள். தையல் ஆறியது. வெளியே மார்கழிப் பனி கொட்டியது. முடியில்லாத அந்த இடம் குளிர்ந்துகிடந்தது. முளைத்த முடி கருப்பாக முளைத்தது.

கதையின் முக்கியமான இடம் இது, அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். வெளுத்த உடம்பில், இடது விலாவில், காப்பித்தூள் கொட்டினாற்போல் ஒரு திட்டு. யாரும் எதையும் பூசவில்லை. பனிதான் காரணம். அருள்ராணி மறுபடி ஏமாறவில்லை. இந்த முறை பஞ்சை எடுக்கவில்லை, கலைப்பிரியாவிடம் காட்டினாள். இதுவும் அந்தச் சூட்டுக் கணக்குதான், அடுத்த முடி மாறும்போது தானே வெளுத்துவிடும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. இவ்வளவு நல்ல சயாமியப் பூனையை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை, மாசி மாதம் விழுப்புரத்தில் செல்லப்பிராணிக் கண்காட்சி நடக்கிறது, கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றும் சொன்னார்.

5

[இந்தப் பகுதியில் கதை நகராது. நகர்ந்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஆறாம் பகுதிக்குப் போகலாம். நான் இங்கே கொஞ்சம் கத்தப் போகிறேன்.]

நம் ஊரில் விலை கொடுத்து வாங்குகிற பூனை என்றால் பெர்சியன்தான். புசுபுசுவென்று முடி, சப்பட்டை மூக்கு. பார்க்க அழகு, யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த மூக்கை மனிதர்கள் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அமுக்கிவிட்டார்கள். அது மூச்சுவிடத் திணறுகிறது. விழுப்புரத்து வெயிலில் அவ்வளவு முடியோடு அதைக் கூண்டில் வைத்து, மேலே ஒரு சின்ன மின்விசிறியும் மாட்டிவிட்டு, பணக்காரப் பூனை என்கிறார்கள்.

சயாமியப் பூனைக்கு ஒட்டிய முடி. வெயில் தாங்கும். வெக்கையான தேசத்திலிருந்து வந்தது, நம் ஊர் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. தாய்லாந்தில் அந்தக் காலத்துச் சுவடிகளில் அதைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மனிதரோடு பேசும். சும்மா சொல்லவில்லை, நீங்கள் ஒன்று சொன்னால் அது ஒன்று சொல்லும், நீங்கள் நிறுத்தினால் அது ஏன் நிறுத்தினாய் என்று கேட்கும். கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். மடியை விட்டு இறங்காது. லண்டனில் முதன்முதலாக அதைக் கண்காட்சியில் வைத்தபோது, கெட்ட கனவில் வருகிற பூனை என்று யாரோ பத்திரிகையில் எழுதினார்களாம். அப்போதும் அதன் முகம்தான் அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது. பிறகு அவர்களே தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஆடியதோடு விட்டார்களா? உருண்டையாக இருந்த அதன் முகத்தை நீட்டி நீட்டி ஆப்பு மாதிரி ஆக்கிவிட்டார்கள். பிலோமிக்கு நல்லவேளையாகப் பழைய முகம், உருண்டை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது கதைக்கும் வேண்டியது. பூனை வகைகளில் பாலினீஸ், டான்கினீஸ், ஓரியன்டல் என்று எத்தனையோ வகை சயாமியிடமிருந்து வந்தவை. இமாலயன் என்று ஒன்று, அதுவும் அப்படித்தான். பெர்சியனையும் சயாமியையும் சேர்த்து உண்டாக்கினார்கள். முடியும் மூக்கும் பெர்சியன் கொடுத்தது. கருத்த முகமும் நீலக் கண்ணும் சயாமி கொடுத்தது.

இப்போது விழுப்புரம் போவோம்.

6

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாய்கள் சாப்பாட்டுக்கூடத்தில், பூனைகள் மேடைக்கு எதிரில். அருள்ராணி பிலோமியைக் கூடையில் வைத்து ஆண்டோவின் பைக்கில் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள். வழியெல்லாம் பிலோமி பேசிக்கொண்டே வந்தது.

நடுவராக இருந்தவர் செல்வகுமார். விழுப்புரத்தில் மீன்தொட்டியும் பூனைக்குட்டியும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கண்காட்சி நடத்துகிற சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். பெர்சியன் பூனைகளைப் பற்றி நிறையத் தெரிந்தவர், அதை மறுக்கமாட்டேன். பிலோமியைத் தூக்கிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். விலாவிலிருந்த திட்டைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து ஈரத்தாளை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். தாளில் ஒன்றும் ஒட்டவில்லை. என்ன தொழில் பண்ணுகிறீர்கள் என்று அருள்ராணியைக் கேட்டார். அவள் சொன்னாள்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் முடிந்துவிட்டது. செல்வகுமார் மைக்கைக் கையில் எடுத்தார்.

"இது சயாமியே இல்லீங்க. நம்ம நாட்டுப் பூனைக்கு டை அடிச்சி எடுத்தாந்திருக்காங்க. மூஞ்சில அடிக்கும்போது கை தவறி ஒடம்புலயும் பட்டிருக்கு, பாருங்க. பார்லர் வெச்சிருக்கிறவங்க, அழியாத டையா பாத்து அடிச்சிருக்காங்க."

மண்டபம் சிரித்தது. கண் நீலமாக இருக்கிறதே, அதற்கு என்ன டை என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதும் தப்பு, பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், பக்கத்திலிருந்தவர் லென்ஸ் வைத்திருப்பார்கள், கல்யாணப் பெண்ணுக்கு வைக்கிறார்களே என்று அவருக்குப் பதிலும் சொல்லிவிட்டார். பூனைக்கு லென்ஸ். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பும்படியாக இல்லை என்று அடித்துவிட்டிருப்பேன்.

ஆபரேஷன், குளிர், சூடு என்று அருள்ராணி சொன்ன எதையும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அவள் கையில் வைத்திருக்கிற தொழிலையே அவளுக்கு எதிராக நீட்டுகிறார்கள். சரி, தொழிலாலேயே பதில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மேடை ஓரம்வரை போய் நின்று சொன்னாள்.

"டை அடிச்ச முடி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வளர வளர வேரு வெள்ளையா காட்டிக் குடுத்துடும். சித்திரையில வாங்க. என் பார்லருக்கே வாங்க. இந்த எடத்துல முடிய வெலக்கி வேரப் பாருங்க. வேரு கருப்பா இருந்துச்சின்னா, இப்ப சொன்ன மாதிரியே எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லணும். வெள்ளையா இருந்துச்சின்னா நான் பார்லரையே மூடிடறேன்."

செல்வகுமார் ஒத்துக்கொண்டார். சித்திரையில் சங்கக் கூட்டம் திண்டிவனத்தில்தான், எல்லோருமாக வருகிறோம் என்றார். யாரோ இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பரிசு ஓர் இமாலயன் பூனைக்குக் கிடைத்தது. கருத்த முகம், நீலக் கண். இரவல் நகை போட்டுக்கொண்டு வந்தவளுக்கு மாலை மரியாதை, நகைக்குச் சொந்தக்காரிக்குத் திருட்டுப் பட்டம். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.*

* நான் எழுதுவது கணினியில். ஆனாலும் கிழிந்தது.

7

அந்தப் படம் ஊர் முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. மயிலத்தில் முகூர்த்தம் வைத்திருந்த ஒரு பெண்ணின் அம்மா, மேக்கப் வேண்டாம், சொந்தத்தில் ஒரு பிள்ளை செய்கிறதாம் என்று சொல்லிவிட்டாள். இன்னொருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள், பூனைக்கே டை அடிச்சி ஏமாத்துறவங்க எம் பொண்ணு மூஞ்சில இன்னாத்தத் தடவுவீங்களோ என்று. மாடிப்படி ஏறி வருகிற காலடி குறைந்தது. அருள்ராணி எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: சித்திரை வரட்டும்.

சித்திரை வந்தது. வெயில் எப்படி அடித்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. பார்லர் மாடியில் மின்விசிறி அனல் காற்றை அள்ளி அள்ளிக் கொட்டியது.

சங்கத்துக்காரர்கள் வர இன்னும் சில நாள் இருந்தன. ஒரு மத்தியானம் வாடிக்கையாளர் யாருமில்லாதபோது அருள்ராணி பிலோமியை நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கைப் போட்டு, வால் போல நீண்ட காம்புள்ள சீப்பின் நுனியால் அந்தத் திட்டின் முடியை விலக்கினாள். பார்த்தாள். சீப்பை வைத்துவிட்டு மறுபடி கையால் விலக்கிப் பார்த்தாள்.

வேர் வெள்ளையாக இருந்தது.

எத்தனை தலை பார்த்தவள். வகிட்டைப் பிரித்த உடனே இது எப்போது அடித்த டை என்று சொல்லிவிடுவாள். இப்போது அவள் கண் அதையேதான் சொல்லியது: இது அடித்த முடி. அவளையே அவள் சந்தேகப்பட்டாள். நான்தான் அடித்தேனோ, அடித்துவிட்டு மறந்துபோனேனோ என்று தோன்றிவிட்டது என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் திட்டவில்லை. நூலும் வாயில் இல்லை.

கலைப்பிரியாவுக்குப் போன் போட்டாள். தானே வெளுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேனே, கோபத்தில் மறந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டு அவர் விளக்கினார். மார்கழிக் குளிரில் வளர்ந்த நுனி கருப்பு. இப்போது சித்திரைச் சூட்டில் வளர்கிற அடி வெளுப்பு. எந்தக் கணக்கால் அது கருத்ததோ அதே கணக்கால்தான் இப்போது வெளுக்கிறது. மருத்துவரே செல்வகுமாரைக் கூப்பிட்டுப் பேசவும் செய்தார். செல்வகுமார் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உங்கள் கல்யாணத்துக்கு அந்தம்மாதானே மேக்கப். இரண்டாவதை அப்படியே தருகிறேன்:

"குளுருல கருக்கும், வெய்யில்ல வெளுக்கும்னா அது பூனையா பச்சோந்தியா டாக்டர்? அந்தம்மா வாயாலயே சொன்னாங்க, வேரு வெள்ளையா இருந்தா டைன்னு. நான் வேற இன்னா பண்ணட்டும்?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தெரிகிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம். எல்லா ஊரிலும் ஒரு செல்வகுமார் இருக்கிறார். அவர் கையில் எப்போதும் நாம் கொடுத்த வார்த்தையே இருக்கும்.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள். கலைப்பிரியா படம் வரைந்து விளக்குகிறார். எல்லோரும் ஆகா என்கிறார்கள். செல்வகுமார் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டு, பிலோமியின் தலையை— [இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. ஆட்கள் விளக்கம் கேட்டு மாறுகிற கதையை நானும் நம்புவதில்லை, நீங்களும் நம்பமாட்டீர்கள்.]

இரண்டாம் முடிவு. வருகிறார்கள், வேரைப் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், போகிறார்கள். அருள்ராணி சொன்ன சொல்லுக்காகப் பார்லரை மூடுகிறாள். பலகையை இறக்கும்போது மருந்துக்கடைக்காரர் ஒரு பக்கம் பிடிக்கிறார். [இது நடக்கக்கூடியது. ஆனால் இப்படி முடிப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. செல்வகுமார் செய்ததை நான் இன்னொரு தடவை செய்தது போல ஆகும்.]

மூன்றாம் முடிவு. இதை எழுதியதும் எழுந்து காப்பி போட்டுக்கொண்டேன், அவ்வளவு திருப்தி. வருவதற்கு முந்தின நாள் அருள்ராணி கதவைச் சாத்துகிறாள். கிண்ணத்தில் கொஞ்சம் டை கலக்குகிறாள். வாடிக்கையாளர்களுக்கு தினமும் செய்கிற அதே வேலை, வளர்ந்துவிட்ட வெள்ளை வேருக்கு மட்டும் ஒரு தொடுதல். பிரஷ் நுனியால் பிலோமியின் விலாவில் இழுத்துவிடுகிறாள். மறுநாள் வேர் கருப்பு. செல்வகுமார் எல்லோருக்கும் கேட்க மன்னிப்புச் சொல்கிறார். டை அடிக்கவில்லை என்று நிரூபிக்க அவள் டை அடிக்கவேண்டி வந்தது. கதையின் முறுக்கு இதுதான், இதை விட்டால் வேறு கிடைக்காது என்று நினைத்தேன். தலைப்புகூட வேறு வைத்திருந்தேன்.

9

மூன்றையும் அருள்ராணியிடம் படித்துக் காட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிலோமி. நான் வாடிக்கையாளர் பெஞ்சில். முதலிரண்டையும் பிலோமியின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள். மூன்றாவதை நான் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் நான் இதுவரை பார்க்காத முகமாக இருந்தது. செல்வகுமாரைத் திட்டும்போதுகூட அப்படி இருந்ததில்லை.

"அக்கா, பூனை ஒடம்ப நக்கிக்கினே இருக்கும். தெரியுமில்ல? டைய நக்குச்சின்னா செத்துப்போவும். நீங்க அத எழுதல."

எழுதவில்லை. எனக்கு அது தோன்றவேயில்லை. நான் ஏதோ முனகினேன், கதைதானே என்று. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அந்தாளு என் கையில டை பிரஷ் இருந்துச்சின்னு பொய்யா சொன்னான். நீங்க நெசமாவே எடுத்து என் கையில குடுத்துட்டீங்க. அவனுக்காச்சும் என்னத் தெரியாது. உங்களுக்கு இன்னா கேடு?"

பிலோமி திரும்பி அவளைப் பார்த்து ஏதோ கேட்டது. அவள் அதற்குப் பதில் சொன்னாள், எனக்குச் சொன்னதைவிட மென்மையாக.

பிறகு பிலோமியின் விலாவைத் தடவிக்கொண்டே பேசினாள். இனி யாருக்கும் எதையும் விளக்கப்போவதில்லை என்றாள். பூனையை ஏசியில் வைத்து வேரைக் கருக்கவைக்க மாட்டாள், மழித்து மறைக்கவும் மாட்டாள். வருகிறவர்கள் வரட்டும், வெள்ளையான வேரைப் பார்க்கட்டும். அவள் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான்: நான் அடிக்கல. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வாய்ச்சொல்லை நம்பாதவர்களுக்கு முடியைக் காட்டலாமென்று நினைத்ததுதான் தான் செய்த தப்பு என்றாள்.

மூன்று முடிவையும் நான் அடித்துவிட்டேன். மேலே அவை தெரிகிறதே என்றால், தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். நான் எந்த லட்சணத்தில் எழுதுகிறவள் என்று நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும்.

சங்கத்துக்காரர்கள் நாளைக் காலை வருகிறார்கள். இதை எழுதி முடிக்கிற இந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதும் யோக்கியதை இல்லை. அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். அவர்களோடு நீங்களும் மாடியேறிப் போங்கள். நாற்காலியில் பிலோமி உட்கார்ந்திருக்கும், உங்களைப் பார்த்ததும் யார் நீ என்று சத்தமாகக் கேட்கும். பயப்படாதீர்கள், இடது விலாவில் முடியை விலக்குங்கள். வேர் வெள்ளையாகத்தான் இருக்கும். நீங்களே பார்த்த பிறகு அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கலைப்பிரியா அங்கே இருக்கமாட்டார். நான் இருக்கமாட்டேன். பக்கத்தில் நிற்கிறவர் போனை உயர்த்திப் பிடித்திருப்பார். அருள்ராணி "நான் அடிக்கல" என்று சொல்வாள், சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?